மோட்டார் வாங்கும் முன் தராசை எடுங்கள்

எங்கள் தெருவில் கல்லூரி முதலாண்டு படிக்கும் தம்பி ஒருவன் போன ஞாயிறு வீட்டுக்கு வந்தான். கையில் நிஜ வண்டியின் 1/16 அளவில் ஒரு ரிமோட் பிக்கப். விடுமுறையில் வேலைக்குப் போய்ச் சேர்த்த காசில் வாங்கியது. "அண்ணா, பாறை ஏற மாட்டேங்குது. மோட்டார் மாத்தணுமாம், மெட்டல் கியர் போடணுமாம், டயர் வேறயாம். கூட்டிப் பார்த்தா வண்டி விலையைத் தாண்டுது" என்றான். முகம் வாடிக் கிடந்தது.

அவனிடம் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். சின்ன கிராலர், அதாவது பாறை ஏறும் ரிமோட் வண்டி, வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் முதல் செலவைத் தப்பான இடத்தில் செய்கிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். இரண்டு வருடம் முன்பு வாங்கிய என் வண்டிக்கு நான் முதலில் போட்டது அதிக வேக மோட்டார். இரண்டாவது மாலையே முன் ஆக்ஸிலுக்குள் பிளாஸ்டிக் கியரின் பற்கள் மழுங்கிப் போயின. காரணம் எளிது. கிராலரில் ஆக்ஸில் பூட்டப்பட்டிருக்கும். சாதாரண காரில் வளைவில் இரு பக்கச் சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்றும், இதில் இரண்டும் ஒன்றாகத்தான் சுற்றும். ஒரு சக்கரம் பாறை இடுக்கில் மாட்டினால் மோட்டாரின் மொத்த விசையும் அந்தச் சின்னப் பற்களின் மேல் இறங்கும். பாறை ஏற வேகம் தேவையே இல்லை. நத்தை மாதிரி ஊர்ந்து, நான்கு டயரும் பாறையை விடாமல் பிடித்திருந்தால் போதும்.

சரி, எங்கே ஆரம்பிப்பது? சமையலறைத் தராசில்.

முன் சக்கரங்கள் இரண்டையும் தராசின் மேல் வையுங்கள். பின் சக்கரங்களுக்கு அடியில் அதே உயரத்துக்குப் புத்தகம் அடுக்குங்கள். வரும் எண்ணைக் குறித்துக்கொண்டு வண்டியைத் திருப்பி வைத்து மறுபடி பாருங்கள். என் வண்டியில் முன்னால் 250 கிராம், பின்னால் 350. ஏறும்போது முன்பக்கம் தூக்கிக்கொண்டு ஏன் மல்லாந்து விழுகிறது என்பது அப்போதுதான் புரிந்தது. பேட்டரி பின்னால், அதுவும் உயரத்தில் உட்கார்ந்திருந்தது.

70 கிராம் பேட்டரியை முன்னால் கொண்டுவந்து, பானெட்டுக்கு அடியில் சேசிஸ் சட்டங்களுக்கு நடுவே, எவ்வளவு கீழே இறக்க முடியுமோ அவ்வளவு இறக்கினேன். ஒயரை மட்டும் கொஞ்சம் நீட்டிப் பற்றவைக்க வேண்டியிருந்தது. ஒரு பைசா செலவில்லை. இன்றுவரை நான் செய்த மாற்றங்களில் இதுதான் பெரியது.

அப்புறம் சக்கரத்தில் எடை சேர்ப்பது. வெளிநாட்டுக்காரர்கள் இதற்குப் பித்தளை உதிரிபாகங்கள் போடுகிறார்கள், ஆக்ஸியல் நிறுவனத்தின் எஸ்சிஎக்ஸ்24 போன்ற 1/24 வண்டிகளுக்கு அவை வகைவகையாகக் கிடைக்கின்றன. நல்ல பொருள்தான், ஆனால் விலை நமக்குக் கட்டாது. நான் போனது டயர் கடைக்கு. கார் சக்கரத்துக்கு வீல் பேலன்ஸிங் செய்யும்போது ஒட்டுவார்களே, 5 கிராம், 10 கிராம் துண்டுகளாக, அடியில் பசை தடவிய பட்டை. கடை அண்ணன் ஒரு பட்டையை வெட்டிக் கொடுத்துவிட்டு, காசு வாங்க மறுத்துவிட்டார்.

டயரைக் கழற்றுவதுதான் கொஞ்சம் பொறுமை கேட்கும் வேலை. பசை போட்டு ஒட்டியிருந்ததால் கொதிநீரில் போட்டு இளக்கி, மெதுவாக உரித்தேன். ரிம்மின் வெளிவட்டத்தை ஸ்பிரிட்டால் துடைத்து, காய்ந்ததும் பட்டையைச் சுற்றி ஒட்டி, மேலே ஒரு சுற்று இன்சுலேஷன் டேப். முன் சக்கரம் ஒவ்வொன்றுக்கும் 35 கிராம், பின்னால் 15. எடை சக்கரத்துக்குள் இருப்பதில் ஒரு நன்மை உண்டு: அது ஸ்பிரிங்குக்குக் கீழே, தரைக்கு மிக அருகில் உட்கார்ந்துவிடுகிறது. ஆனால் ஆசைப்பட்டு ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். முன் சக்கரங்களைத் திருப்பும் சின்ன மோட்டார், அதாவது ஸ்டியரிங் சர்வோ, திணறும்.

டயருக்குள் இருந்த கெட்டி ஃபோமை எடுத்துவிட்டு, பழைய மெத்தை பஞ்சை வட்டமாக வெட்டி வைத்தேன். ரிம்மில் ஒரு சின்ன ஓட்டை. காற்று வெளியே போக வழி கிடைத்ததும் டயர் பாறை முனையில் அமுங்கி, அதன் வடிவத்துக்கு வளைந்து கொடுத்தது. ஷாக் அப்சார்பரில் இருந்த தடித்த ஸ்பிரிங்குகளுக்குப் பதில் பேனா ஸ்பிரிங் போட்டதில் உடல் 8 மில்லிமீட்டர் கீழே இறங்கியது.

எல்லாம் முடிந்து மறுபடி தராசு: முன்னால் 380, பின்னால் 320. ஒரு பலகையில் வண்டியைக் குறுக்கே நிறுத்தி, ஃபோனின் சாய்மானி செயலியை வைத்துக்கொண்டு மெல்லத் தூக்கினேன். முன்பு 38 டிகிரியில் கவிழ்ந்த வண்டி 46 வரை நின்றது. கிருஷ்ணகிரிப் பக்கம் பாறைக்குப் பஞ்சமில்லை, உங்களுக்கே தெரியும். வீட்டுக்குப் பின்னால் இடுப்பளவு உருண்டைக் கருங்கல் ஒன்று இருக்கிறது. ஆறு மாதமாக ஏற முடியாத அதன் இடது பக்கத்தை, அன்று மாலை பழைய மோட்டாரோடே ஏறியது. முன் டயர் உச்சி விளிம்பைப் பிடித்து அமுங்கிய அந்த நொடி என் கண்ணிலேயே நிற்கிறது.

காசு செலவழிக்க வேண்டிய இடமும் உண்டு. முதலாவது சர்வோ. மலிவு வண்டிகள் பலவற்றில் சர்வோவிலிருந்து ஐந்து ஒயர் வரும்: இரண்டு மோட்டாருக்கு, மூன்று கோணத்தை அளக்கும் பொட்டென்ஷியோமீட்டருக்கு. கட்டுப்படுத்தும் சர்க்யூட், ரிமோட் சிக்னலை வாங்கும் ரிசீவர் போர்டிலேயே இருப்பதால் சாதாரண மூன்று ஒயர் சர்வோ அதில் வேலை செய்யாது. ரிசீவர், ஸ்பீடு கன்ட்ரோலர் இரண்டும் சேர்த்து மாற்ற வேண்டும். வாங்கும் முன் ஒயரை எண்ணுங்கள். மூன்றாக இருந்தால் அதிர்ஷ்டம், எம்ஜி90எஸ் என்ற மெட்டல் கியர் சர்வோவே பெரிய மாற்றம் தரும். சென்னை ரிச்சி தெருவில் கேட்டாலே எடுத்துக் கொடுப்பார்கள்.

இரண்டாவது, பேட்டரியும் சார்ஜரும். இங்கே மட்டும் தயவுசெய்து மிச்சம் பிடிக்காதீர்கள். பழைய லேப்டாப்பில் இருந்து உருவிய செல்லைக் கோர்த்துப் போடும் வீடியோக்களைப் பார்த்து யாரும் செய்யக் கூடாது. இரண்டு செல் லைப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி) என்றால் ஒவ்வொரு செல்லையும் சமமாக நிரப்பும் பேலன்ஸ் சார்ஜர் வேண்டும், 8.4 வோல்ட்டோடு சார்ஜ் நிற்க வேண்டும், உப்பிய பேட்டரியை அன்றே ஒதுக்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் படுக்கும் அறையில் சார்ஜ் போடவே வேண்டாம்.

தம்பியின் வண்டியை அன்றைக்கே தராசில் வைத்தோம். முன்னால் 240, பின்னால் 355. பேட்டரியை மாற்ற ஒரு மணி நேரம் ஆனது. சனிக்கிழமை டயர் கடைக்குக் கூட்டிப் போகிறேன்.

கிராலர் வைத்திருப்பவர்கள் உங்கள் வண்டிக்கு முன்னால் எத்தனை கிராம், பின்னால் எத்தனை கிராம் என்று கீழே எழுதுங்கள். படமும் போட்டால் பேட்டரியை எங்கே நகர்த்தலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.