ஆறு தந்தி பாஞ்சோ: ஒரு திருத்தம்
பாஞ்சோ என்பது தோல் போர்த்திய வட்ட உடலும் நீண்ட கழுத்தும் கொண்ட தந்திக் கருவி. அதன் ஆறு தந்தி வகையை வாங்கினால் கிதார் கலைஞர் எவரும் உடனே அமெரிக்க பாஞ்சோ கலைஞர் ஏர்ல் ஸ்கரக்ஸின் மூவிரல் மீட்டல் பாணியில் வாசித்துவிடலாம் என்று ஒருவர் எழுதியிருப்பது, புதியவர்களைத் தவறாக வழிநடத்தும். சுருதியமைப்பு கிதாருடையதே என்பதால் பழகிய கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டுகள்) அப்படியே கைகொடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பாணியின் உயிர், ஐந்து தந்தி பாஞ்சோவில் ஐந்தாம் ஃபிரெட் (கழுத்தில் பதித்த குறுக்குக் கம்பி) அருகே தொடங்கும் குட்டைத் தந்தியில் இருக்கிறது. கட்டைவிரலுக்கு மிக அருகிலுள்ள அத்தந்தி மற்ற எல்லாவற்றையும்விட உயர்ந்த 'ஜி' சுரத்தில் விடாமல் ஒலித்துக்கொண்டிருக்க, ஆறு தந்திக் கருவியில் அதே இடத்தில் இருப்பதோ மிகத் தாழ்ந்த 'ஈ' தந்தி. ஆகவே அந்த விரலோட்டத்தை விரும்புபவர்கள் ஐந்து தந்திக் கருவியையே வாங்க வேண்டும். அதற்காக மற்றொருவர் சொல்வதுபோல் ஆறு தந்தி பாஞ்சோவைப் போலிக் கருவி என்று ஒதுக்குவது பெரும் அநீதி: ஜாஸ் இசைக் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் 'ஹாட் ஃபைவ்' குழு 1925-இல் சிகாகோவில் பதிவுசெய்தபோது, அக்குழுவின் ஜானி செயின்ட் சிர் தாளம் பிடித்தது ஆறு தந்தி பாஞ்சோவில்தான்.