மெஷினின் பின்பக்கம் போய்ப் பார்க்கிறவர்கள்

கோயம்புத்தூர் கணபதியில் சின்னதாக ஒரு சிஎன்சி பட்டறை வைத்திருக்கிறேன், கம்ப்யூட்டர் கட்டளைப்படி இரும்பைச் சீவுகிற மெஷின்கள். பம்புக்கான ஷாஃப்ட், புஷ் மாதிரியான பாகங்களை மற்ற கம்பெனிகளுக்குச் செய்துகொடுக்கிற ஜாப் ஒர்க். 15 வருடமாகத் தொழில் கண்காட்சி ஒன்றையும் விடுவதில்லை. நம்ம ஊர் கொடிசியா வளாகத்தில் இன்டெக், சென்னை நந்தம்பாக்கத்தில் அக்மி, பெங்களூரில் இம்டெக்ஸ். "ஒண்ணும் வாங்கறதில்ல, அப்புறம் எதுக்குப் போறீங்க?" என்று வீட்டில் ஒவ்வொரு முறையும் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். இத்தனை வருடத்தில் கண்காட்சி நடக்கும் இடத்திலேயே நான் ஒரு மெஷினும் புக் செய்ததில்லை. என்னோடு வருகிற பட்டறைக்காரர்களும் பெரும்பாலும் அப்படித்தான்.

வாங்குவதற்காகப் போவது பழைய காலம். ஜெர்மனியில் லைப்சிக் என்ற ஊரில் பல நூற்றாண்டுகளாகப் பெரிய சந்தை கூடிவந்தது. வியாபாரிகள் சரக்கை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து அங்கேயே விற்றுவிட்டுப் போவார்கள். 1895இல் அதை மாதிரிச் சந்தையாக மாற்றினார்கள். சரக்கு முழுவதும் வேண்டாம், மாதிரி மட்டும் போதும். பார்த்துவிட்டு ஆர்டர் கொடுங்கள், தொழிற்சாலையிலிருந்து அனுப்பிவைக்கிறோம் என்ற ஏற்பாடு. இன்றைக்கு நாம் போகிற கண்காட்சிகள் எல்லாம் அந்த வழியில் வந்தவைதான்.

ஆக, பார்க்கத்தான் போகிறோம். சரி, பார்க்க வேண்டியவர் யார்? இதைத்தான் சொல்ல நினைத்தேன். இத்தனை வருடமும் நான் தனியாகவோ, என்னைப் போன்ற இன்னொரு முதலாளியோடோ போய்க்கொண்டிருந்தேன். அது தப்பு என்று 2025 ஜனவரியில் புரிந்தது.

அந்த மாதம் பெங்களூரில் நடந்த இம்டெக்ஸுக்கு எங்கள் ஆப்பரேட்டர் தம்பியையும் கூட்டிப் போனேன். ஒன்பது வருடமாக எங்களிடம் இருக்கிறார். இரவு பஸ்ஸில் போய் இறங்கி, மெஜஸ்டிக்கிலிருந்து மெட்ரோவில் மாதாவரா வரை போனோம். முன்பெல்லாம் நாகசந்திராவோடு மெட்ரோ நின்றுவிடும், அங்கிருந்து ஆட்டோ பிடிக்க வேண்டும். 2024 நவம்பரில்தான் கண்காட்சி வாசல் வரைக்கும் ரயில் வந்தது.

உள்ளே போனதும் கவனித்தேன். முதலாளிகள் நாங்கள் எல்லோரும் மெஷினுக்கு முன்னால் நிற்கிறோம். ஸ்க்ரீனைப் பார்க்கிறோம், விலை கேட்கிறோம், டெலிவரி எத்தனை வாரம் என்று கேட்கிறோம். தம்பி நேராகப் பின்பக்கம் போய்விட்டார். சீவும்போது சூட்டைத் தணிக்க ஊற்றுகிற கூலன்ட் இருக்கும் டேங்க்கை எந்தப் பக்கமாக இழுக்க முடியும், ஃபில்டரைக் கழற்றக் கை போகுமா, ஆயில் ஊற்றும் இடம் எங்கே, எலெக்ட்ரிகல் பேனல் கதவு முழுசாகத் திறக்க எத்தனை அடி வேண்டும் என்று பார்க்கிறார். எங்கள் பட்டறையில் சுவருக்கும் மெஷினுக்கும் நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில்தான் நுழைய முடியும். நான் மனசுக்குள் வாங்கியே முடித்திருந்த ஒரு மெஷினை, "இது நம்ம இடத்துல நிக்குங்க, ஆனா கிளீன் பண்ண முடியாதுங்கண்ணா" என்று அவர் ஒரே பார்வையில் தள்ளிவிட்டார்.

எல்லாம் யூடியூபில் இருக்கிறதே, எதற்கு அலைய வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு என்னுடைய பதில் இதுதான். கம்பெனி போடுகிற வீடியோவில் மெஷினின் பின்பக்கம் வராது. ஓடி முடித்த ஜாபை, அதாவது செய்து முடித்த பாகத்தை, கையில் எடுத்து நகத்தால் தடவிப் பார்க்கவும் முடியாது.

மத்தியானம் ஒரு டூல் கம்பெனி ஸ்டாலில் நின்றபோது தம்பி என்னிடம் மெதுவாகக் கேட்டார். "அண்ணா, நம்ம எஸ்எஸ் ஷாஃப்ட்ல சிப்ஸ் சுருள் சுருளா சுத்திக்குதுல்ல, அதக் கேக்கட்டுங்களா?" எஸ்எஸ் என்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், சிப்ஸ் என்பது சீவும்போது வருகிற உலோகச் சீவல். எனக்கு அப்படி ஒரு பிரச்சினை இருப்பதே தெரியாது. நாலைந்து ஜாபுக்கு ஒரு தடவை மெஷினை நிறுத்தி, கொக்கியால் சுருளை இழுத்துப் போட்டுவிட்டுத்தான் இத்தனை நாளும் ஓட்டியிருக்கிறார். கையில் கீறல் விழுந்த நாட்களும் உண்டாம். என்னிடம் சொல்லத் தோன்றவில்லை, வேலை என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருக்கிறார்.

அந்த ஸ்டாலில் இருந்த இன்ஜினியர் இரண்டே கேள்வி கேட்டார். கடைசியாக வழவழப்புக்கு ஓட்டுகிற ஃபினிஷிங்கில் எவ்வளவு டெப்த், அதாவது எவ்வளவு ஆழம் சீவுகிறீர்கள்? எவ்வளவு ஃபீட், அதாவது ஒரு சுற்றுக்கு டூல் எவ்வளவு நகர்கிறது? நாங்கள் முதலில் தடியாகச் சீவுவதற்கான ரஃபிங் இன்செர்ட்டை (டூல் முனையில் மாட்டுகிற வெட்டும் துண்டு) வைத்தே ஃபினிஷிங்கும் ஓட்டிக்கொண்டிருந்தோம். இன்செர்ட்டின் முகத்தில் சிப்பை வளைத்து ஒடிப்பதற்கென்று ஒரு பள்ளம் உண்டு. மெல்லிசாகச் சீவினால் சிப் அந்தப் பள்ளத்தின் வளைவில் ஏறாமலே நீளமாக ஓடிவிடும் என்று காகிதத்தில் வரைந்து காட்டினார். தம்பி அதை மொபைலில் படம் எடுத்துக்கொண்டார். ஊருக்கு வந்து ஃபினிஷிங் இன்செர்ட் ஒரு டப்பா வாங்கினோம், 10 எண்ணம். ஃபீடையும் கொஞ்சம் ஏற்றினோம். இப்போது சிப்ஸ் துண்டு துண்டாக விழுகிறது. கொக்கிக்கு வேலை இல்லை.

15 வருடம் போய்வந்த எனக்கு இந்தக் கேள்வி வாயில் வந்திருக்காது, ஏனென்றால் கொக்கியைப் பிடித்த கை என்னுடையதில்லை.

வருத்தமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அதே நாள் இன்னொரு ஸ்டாலில் தம்பி கேட்லாக் கேட்டபோது, "கார்டு இருக்கா?" என்று விசிட்டிங் கார்டு கேட்டார்கள். இல்லை என்றதும் அடுத்தவரைப் பார்க்கத் திரும்பிவிட்டார்கள். எனக்குச் சுருக்கென்று இருந்தது. பதிவு செய்கிற படிவத்திலேயே பல இடங்களில் வாங்கும் முடிவில் உங்கள் பங்கு என்ன என்று ஒரு கேள்வி இருக்கிறது. ஸ்டால் போடுகிறவர்களுக்கு நேரம் பொன் என்பது எனக்கும் தெரியும். ஆனால் என் பட்டறையில் எந்த மெஷின் நுழையலாம் என்று அன்றைக்கு முடிவு செய்தவர் கார்டு இல்லாத அந்தத் தம்பிதான்.

ஜூலையில் கொடிசியாவில் நடக்கும் விவசாயக் கண்காட்சியான அக்ரி இன்டெக்ஸுக்குப் போயிருக்கிறவர்களுக்கு நான் சொல்வது புரியும். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்தும் உடுமலையிலிருந்தும் குடும்பமாக வருவார்கள். மருந்தடிக்கிற ஸ்ப்ரேயரைத் தோளில் மாட்டிப் பார்த்து, நாலு அடி நடந்து பார்த்து, "இது கனமா இருக்குது, வேண்டாங்க" என்று அந்த அம்மா சொன்னால் அடுத்த ஸ்டால்தான். தூக்கப் போகிறவரே வந்து தூக்கிப் பார்க்கிறார். பட்டறைக்காரர்கள் நமக்கு மட்டும் அது ஏன் தோன்றவில்லை?

2023இல் மிலனில் நடந்த இட்மாவுக்கு நம்ம ஊர்ப் பக்கத்திலிருந்து போனவர்கள் உண்டு. ஜவுளி மெஷின்களுக்காக நான்கு வருடத்துக்கு ஒரு முறை நடப்பது. அங்கே ஆப்பரேட்டரைக் கூட்டிப் போ என்று நான் சொல்லமாட்டேன், விசாவும் டிக்கெட்டும் யாருக்குக் கட்டுபடியாகும்? ஆனால் கொடிசியா அவினாசி ரோட்டில்தானே இருக்கிறது, கணபதியிலிருந்து பைக்கில் போய்விடலாம். ஒரு நாள் உற்பத்தி போகும், உண்மைதான். நாலைந்து ஜாபுக்கு ஒரு தடவை நின்ற மெஷின் இத்தனை வருடத்தில் எத்தனை நாள் உற்பத்தியைத் தின்றிருக்கும் என்று கணக்குப் போட்டால் அந்த ஒரு நாள் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

அடுத்த இன்டெக்கின்போது ஒரு நாள் பட்டறையைச் சாத்திவிட்டு எட்டுப் பேரும் போவதாக முடிவு செய்திருக்கிறோம். அவரவர் என்ன பார்க்க வேண்டும் என்று போர்டில் எழுதச் சொன்னேன். சீவிய பாகத்தின் ஓரத்தில் நிற்கும் பிசிரை எடுக்கிற வேலையில் இருக்கும் அக்கா கடைசியாக வந்து, தூசி இழுக்கிற மெஷின் சத்தம் கம்மியாக இருப்பது எது என்று நின்று கேட்டுப் பார்க்க வேண்டும் என்று எழுதிவிட்டுப் போனார்.