புல்வெளியைப் பார்த்ததும் வரும் வேற்றூர் ஞாபகம்

ஊட்டியிலிருந்து பைக்காரா போகிற வழியில் ஒரு புல்மேடு உண்டு. சினிமாக்காரர்கள் வந்து வந்து ‘ஷூட்டிங் மட்டம்’ என்றே அதற்குப் பெயர் ஆகிவிட்டது. போன மாதம் அங்கே நின்றபோது பக்கத்தில் ஒரு குடும்பம். ஐந்து நிமிடத்துக்குள் மூன்று பேர் சொல்லிவிட்டார்கள்: “அப்படியே சுவிட்சர்லாந்து மாதிரி இருக்குல்ல?” நான் சுவிட்சர்லாந்து போனதில்லை. அவர்களும் போனவர்களாகத் தெரியவில்லை.

எனக்கு இதில் எரிச்சல் வரக் காரணம் இருக்கிறது. மலைப் புல்வெளியைப் பார்க்கிறவருக்கு உடனே வேறொரு நிலம் ஞாபகம் வந்துவிடுகிறது. கண் முன்னால் கிடப்பது மறைந்துவிடுகிறது. நீலகிரியில் இந்த ஞாபகம் மலையையே மாற்றிவிட்டது.

1819-இல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் இங்கே ஏறி வந்தார். அவர் பின்னால் வந்த வெள்ளைக்காரர்களுக்கு இந்தப் புல்மேடுகளில் சொந்த ஊர் தெரிந்தது. அங்கத்து மேடுகளுக்குச் சொல்லும் ‘டவுன்ஸ்’ என்ற சொல்லையே இங்கும் வைத்தார்கள். வென்லாக் டவுன்ஸ் இன்றும் அதே பெயரில்தான் இருக்கிறது. 1877-இல் வந்த வைஸ்ராய் லிட்டன், இங்குள்ள மழையும் சேறும்கூட இங்கிலாந்தை அப்படியே நினைவூட்டுவதாக மனைவிக்கு உருகி எழுதினார். சேறு! ஏக்கம் கடிதத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மஞ்சளாய்ப் பூக்கும் கார்ஸ், ப்ரூம் புதர்கள் கப்பலேறி வந்தன. விறகுக்கென்று ஆஸ்திரேலியாவிலிருந்து கற்பூர மரம் என்று நாம் சொல்லும் யூக்கலிப்டஸும், சீகை என்று சொல்லும் வாட்டில் மரமும் வந்தன. சுதந்திரத்துக்கு அப்புறம் நாமும் சும்மா இருக்கவில்லை. வெறும் புல்தானே என்று அதே மரங்களை இன்னும் பரப்பினோம். மரம் இருந்தால் காடு, புல் என்றால் தரிசு. அரசுக் கணக்கு அப்படி, நம் மனக்கணக்கும் அப்படி.

இந்தப் புல் யாரோ காட்டை வெட்டியதால் முளைத்ததல்ல. சதுப்பு மண்ணைத் தோண்டி ஆராய்ந்தவர்கள், 20 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இங்கே புல் இருந்ததைக் காட்டியிருக்கிறார்கள். மலை மடிப்புகளில் சோலைக்காடு, மேடெல்லாம் புல். திறந்த வெளியில் முளைக்கும் சோலைக் கன்றுகளை உறைபனி கருக்கிவிடும். புல் மேலே கருகினாலும் தூரிலிருந்து மறுபடி துளிர்க்கும்.

ஜனவரியில், விடிகிற நேரத்தில் போய்ப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு தாளும் உப்புப் பூத்தது போல வெளுத்திருக்கும், மிதித்தால் நொறுங்கும். வெயில் ஏறியதும் எல்லாம் தண்ணீர், முழங்கால் வரை நனைந்துவிடும். பள்ளத்தில் தூரை விலக்கிப் பார்த்தால் கறுப்பு மண், கையில் எடுத்துப் பிழிந்தால் சொட்டும். முக்கூர்த்திப் பக்கம் பைக்காரா ஆறு இப்படிக் கசிந்துதான் புறப்படுகிறது.

இப்போது சீகையை வெட்டி எடுக்கிறார்கள், நல்லதுதான். ஆனால் அதன் விதை மண்ணுக்குள் பல்லாண்டு காத்துக் கிடக்கும். வெட்டிய இடத்தில் மழை விழுந்ததும் நாற்றங்கால் மாதிரி எழுந்து நிற்கும்.

சரி, நான் மட்டும் ஒழுங்கா? சில வருடங்களுக்கு முன் உத்தராகண்டில் பேத்னி புக்யாலுக்கு ஏறினேன். புக்யால் என்றால் அந்த ஊர்ப் பேச்சில் மலைப் புல்வெளி. 3,300 மீட்டருக்கு மேல் இருக்கிறது. மூச்சு வாங்கப் பையை இறக்கிவைத்துவிட்டு, என் அரைகுறை இந்தியில் முதலில் சொன்னது: “எங்க முக்கூர்த்தி மாதிரியே இருக்கு.”

கூட வந்த வழிகாட்டிப் பையன், “அங்கே பனி எத்தனை அடி விழும்?” என்று கேட்டான்.

பனி விழாது, உறைபனி மட்டும்தான் என்றேன்.

மாதக்கணக்கில் பனிக்கடியில் கிடந்து எழுந்த புல்லை ஒரு சுற்றுப் பார்த்தான். “அப்புறம் எப்படி சார் இது மாதிரி?”

பதில் இல்லை. என் பையைக் கொஞ்சம் நகர்த்தச் சொன்னான். அடியில் நகத்தளவு நீலப் பூக்கள் நசுங்கிக் கிடந்தன.