பிள்ளைகள் போடும் கோட்டிலிருந்தே தொடங்குவோம்

மொரீஷியஸில் எங்கள் கோவில் கூடத்தில் நடக்கும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்போடு, பிள்ளைகளுக்குக் கணினியில் முப்பரிமாண உருவமும் அசைவூட்டமும் கற்றுக்கொடுக்க ஏற்பாடு நடக்கிறது. சங்கத்தார் எடுத்திருக்கும் இந்த முயற்சிக்கு என் முழு ஆதரவு உண்டு. ஆனால் அதற்காகத் தயாரித்த பாடத்திட்டத்தைப் படித்தபோது என் மனம் ஒப்பவில்லை. முதல் பருவம் முழுவதும் மென்பொருளின் மெனுக்கள், விசைப்பலகைக் குறுக்குவழிகள், மூன்று அச்சுகள், கனசதுரம், உருளை, கூம்பு. ஒரு பூனையையோ பறவையையோ செய்ய அடுத்த பருவம்வரை காத்திருக்க வேண்டுமாம். ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகள் அதுவரை உட்கார்ந்திருக்க மாட்டார்கள். உட்காரவைக்கவும் கூடாது.

பென்சில் பிடிக்கத் தெரிந்த பிள்ளைக்கு உருவம் செய்யப் பாதி தெரியும். அந்தக் கைத்திறனைக் கணினி புரிந்துகொள்ளட்டும். கணினியின் மெனுக்களைப் பிள்ளை மனப்பாடம் செய்த பிறகுதான் படைக்கலாம் என்பது தலைகீழான முறை.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு அன்று. 1963லேயே அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லாண்ட், திரையின்மேல் ஒளிப்பேனாவால் கோடு போட்டுக் கணினியோடு உரையாடும் ஸ்கெட்ச்பேட் என்ற நிரலை உருவாக்கினார். 1996இல் பிரவுன் பல்கலைக்கழகத்தார் செய்த நிரலில், ஒரு மூலையில் சந்திக்கும் மூன்று கோடுகளைப் போட்டால் போதும், பெட்டி எழுந்து நின்றது. 1999இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் தகேயோ இகராஷியும் அவருடைய குழுவினரும் டெடி என்ற நிரலை வெளியிட்டார்கள். என்னைக் கேட்டால், பிள்ளைகளுக்கான கதவு உண்மையில் திறந்தது அன்றுதான்.

டெடி செய்வது இவ்வளவுதான்: நீங்கள் ஒரு மூடிய கோடு வரைகிறீர்கள், எண்ணெயில் விழுந்த பூரிபோல அது உப்பி, உருவமாகிறது. கோட்டுக்குள் இருக்கும் பரப்பைக் கணினி சிறு முக்கோணங்களாகப் பிரிக்கிறது. அதன் நடுவே ஓடும் முதுகெலும்பு போன்ற ஒரு கோட்டைக் கண்டுபிடிக்கிறது. ஓரத்திலிருந்து அந்த நடுக்கோடு எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ, அதற்கேற்ப அதை உயர்த்துகிறது. அகலமான இடம் பருக்கும், குறுகலான இடம் மெலியும். வயிறு வயிறாகவும் வால் வாலாகவும் வருவது இதனால்தான். குறுக்கே ஒரு கோடு இழுத்தால் உருவம் வெட்டுப்படும். மேற்பரப்பில் ஒரு வட்டம் போட்டு, உருவத்தைத் திருப்பி, பக்கவாட்டில் இன்னொரு கோடு வரைந்தால் அங்கே கையோ காதோ முளைக்கும்.

அசைவூட்டமும் இதே வழியில் எளிதாகியிருக்கிறது. பிராகிலுள்ள செக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தாரும் கூகுள் ஆய்வாளர்களும் பிறரும் சேர்ந்து 2020இல் வெளியிட்ட மான்ஸ்டர் மேஷ், இணைய உலாவியிலேயே ஓடுகிறது. காசு கிடையாது, எதையும் நிறுவத் தேவையில்லை. உடலை வரைந்து, அதன்மேல் கால்களை வரைந்து, உப்பவைத்து, பாதத்தில் ஒரு புள்ளியை வைத்து இழுத்தால் அந்த இழுப்பே நடையாகப் பதிவாகிறது.

இதை வகுப்பில் ஒரு சிறுமியிடம் டேப்லெட்டில் கொடுத்தேன். மொரீஷியஸ் பிள்ளை வேறு எதை வரைவாள்? எங்கள் தீவில் வாழ்ந்து அழிந்துபோன, பறக்காத பறவையான டோடோதான். பெரிய வயிறு, வளைந்த அலகு, தடித்த கால்கள் என்று கோடு தயங்காமல் வந்தது. உப்பவைத்துத் திருப்பினாள். முன்பக்கத்திலிருந்து பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது. "மிஸ், அலகு ரொம்பத் தடிப்பு. பக்கத்தில் சரி, முன்னால் சரியில்லை" என்றாள். வீட்டில் தீவின் பேச்சுமொழியான கிரியோல் மட்டுமே பேசும் பிள்ளை அவள். தமிழில் ஒரு வாக்கியம் வாங்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும். அன்று பக்கம், முன்னால், பின்னால், தடிப்பு, மெலிவு எல்லாம் தானாக வந்தன, ஏனென்றால் அவளுக்கு அவை தேவைப்பட்டன. அலகின் கோட்டை அழித்து, இன்னும் குறுகலாக வரைந்து, மறுபடி உப்பவைத்தாள். கனசதுரத்தின் முனைகளை எண்ணவைத்திருந்தால் இது நடந்திருக்குமா?

டோடோ இதற்கு மிகப் பொருத்தமான பறவையும்கூட. இன்று உயிரோடிருக்கும் எவரும் அதைப் பார்த்ததில்லை. 17ஆம் நூற்றாண்டில் வரைந்த படங்களும் எலும்புகளும் எழுத்துக் குறிப்புகளும்தான் மிச்சம். தலைநகர் போர்ட் லூயியின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில், ஒரே பறவையின் எலும்புகளால் ஆன, கிட்டத்தட்ட முழுமையான எலும்புக்கூடு இருக்கிறது. உலகம் அறிந்த உப்பிய டோடோ பழைய ஓவியர்களின் கையில் பிறந்தது. உண்மைப் பறவை அவ்வளவு பருமனாக இருந்திருக்காது என்கிறார்கள் ஆய்வாளர்கள். கோட்டிலிருந்து உடலை ஊகிப்பதில் எங்கே தவறு நேரும் என்று சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல பாடம் உண்டா? பிள்ளைகளை அங்கே அழைத்துப் போய் வரையவைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

குறைகளும் உண்டு. ஒரே கோட்டோவியத்துக்கு எத்தனையோ திண்ம வடிவங்கள் பொருந்தும். எனவே ஒவ்வொரு நிரலும் ஏதோ ஒன்றை முன்கூட்டியே ஊகித்துக்கொள்கிறது. டெடி எல்லாம் உருண்டை என்று நினைக்கும். பிரவுன் நிரல் செங்கோணங்களை எதிர்பார்க்கும். கோபுரத்தை உப்பவைத்தால் தலையணைதான் கிடைக்கும். கோபுரம், காவடியின் சட்டம், தேர்ச்சக்கரம் போன்றவற்றுக்கு, தரையில் செவ்வகம் வரைந்து மேலே இழுக்கும் ஸ்கெட்ச்அப் வகை நிரல்தான் சரி. பெரிய பிள்ளைகள் பிளெண்டர் என்ற விரிவான முப்பரிமாண மென்பொருளுக்குப் போகட்டும், அதுவும் இலவசம்தான். அதிலுள்ள கிரீஸ் பென்சில் என்ற வரைகருவி முப்பரிமாண வெளியிலேயே வரையவிடுகிறது. பிளெண்டருக்கு நான் எதிரி அல்ல. அதை வாசற்படியில் வைக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

"இனி இதெல்லாம் எதற்கு? வாக்கியம் எழுதிக் கொடுத்தால் செயற்கை நுண்ணறிவே உருவம் செய்து தருகிறதே" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் மயில் என்று எழுதிக் கொடுத்தால் வருவது யாரோ வரைந்த ஆயிரமாயிரம் மயில்களின் சாரம். நம் பிள்ளை தன் பாட்டி வீட்டுப் பூசையறைப் படத்தில் பார்த்த முருகனின் மயில், கழுத்து சற்று நீண்டு, கால்கள் குட்டையாக, அவள் மனத்தில் எப்படி நிற்கிறதோ அப்படி வராது. கோடு போடும்போது அந்த நீண்ட கழுத்துக்கு அவளே பொறுப்பு. எனக்கு அந்தக் கழுத்துத்தான் வேண்டும்.

இன்னொன்று, இதை நம் தீவுக்காகவே சொல்கிறேன். 2007இல் யூகி மோரியும் இகராஷியும் பிளஷி என்ற நிரலைச் செய்தார்கள். பிள்ளை பொம்மையை வரைந்தால், முப்பரிமாண உருவத்தோடு அதைத் தைக்க வேண்டிய துணித்துண்டுகளின் வெட்டு வடிவத்தையும் அது கொடுத்துவிடும். துணிக்குள் பஞ்சு அடைத்தால் எப்படி உப்பும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும். இந்த ஊரில் துணி வெட்டத் தெரிந்தவர்களுக்கா பஞ்சம்? 1970இல் ஏற்றுமதி மண்டலச் சட்டம் வந்தபின் எழுந்த ஆடைத் தொழிற்சாலைகளில் நம் அம்மாக்களும் பாட்டிமாரும் ஆண்டுக்கணக்கில் உழைத்தார்கள். தட்டையான துணி எப்படி வளைந்த உடலாகிறது என்பது அவர்கள் விரல்களுக்குத் தெரியும். எங்கே மடித்துத் தைத்தால் எங்கே புடைக்கும் என்று சொல்ல அவர்களுக்குக் கணினி வேண்டாம். இந்த அறிவை யாரும் முப்பரிமாணக் கல்வி என்று மதித்ததில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம். பேத்தி வரைய, கணினி வெட்டு வடிவம் கொடுக்க, பாட்டி தைக்க, அதே கூடத்தில் ஒரே பிற்பகலில் ஒரு டோடோ பிறக்கலாம். பாட்டியும் பேத்தியும் பேசிக்கொள்ள அங்கே தமிழும் வேண்டியிருக்கும்.

"இது விளையாட்டு, வேலைக்கு உதவாது" என்பார்கள். பத்து வயதில் வேலைக்கு உதவ வேண்டியதில்லை.

சங்கத் தலைவருக்கும் பொறுப்பாளர்களுக்கும் என் வேண்டுகோள்: முதல் பருவத்துப் பாடத்தை மாற்றுங்கள். முதல் வாரம் காகிதமும் பென்சிலும் மட்டும் போதும். அடுத்த வாரம் அதே படம் திரையில் உப்பட்டும், அதற்கடுத்த வாரம் நடக்கட்டும். மவுசுக்குப் பதிலாகத் திரையில் எழுதும் பேனா வாங்குங்கள்; விலை பெரிதல்ல. ரோஸ் ஹில், குவாத்ர் போர்ன் பக்கம் இருப்பவர்களில் பயன்படாத டேப்லெட் வைத்திருப்பவர்கள் எனக்குச் செய்தி அனுப்புங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். தையல் தெரிந்த அம்மாக்களும் பாட்டிமாரும் சனிக்கிழமை பிற்பகலில் வர முடியுமா என்று வீட்டில் கேட்டுச் சொல்லுங்கள்.