சேனையை இழந்தவன்

கண்டி இராச்சியத்தை ஆங்கிலேயர் கைக்கு மாற்றிய கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான 1815ஆம் ஆண்டில், இலங்கையின் மாத்தளைப் பக்கத்துச் சிங்களக் கிராமமொன்றில் பிறந்த ஒரு விவசாயியை அண்மைக் காலமாக நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். எந்த ஏட்டிலும் பெயரில்லாத அவனைப்போல ஆயிரக்கணக்கானோர் இருந்திருப்பார்கள். மலையகத் தமிழர்களாகிய நாம் நம் வரலாற்றைத் தோட்டத்துக்கு ஆள்திரட்டி வந்த கங்காணியோடும் கோப்பித் தோட்டத்தோடும் தொடங்குகிறோம்; தோட்டத்துக்கு முன் அந்த மலை யாருடையதாக இருந்தது என்று கேட்பதில்லை. அதுதான் என் ஆதங்கம்.

அவனுக்கு மூன்று வயதானபோது ஆங்கிலேயருக்கு எதிரான ஊவா வெல்லஸ்ஸ கிளர்ச்சி நசுக்கப்பட்டு, அதன் தலைவர் கெப்பெட்டிபொல திசாவை போகம்பறையில் சிரச்சேதம் செய்யப்பட்டார். 17 வயதில், 1832இல், அரசுக்குக் கட்டாய ஊழியம் செய்யும் இராஜகாரிய முறை ஒழிந்தது. ஆனால் அவன் வாழ்வைப் புரட்டிப்போட்டது 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம்.

அவனுடைய வயல் பள்ளத்தில் இருந்தது, சேனை மேட்டுக்காட்டில் இருந்தது. காட்டை வெட்டி எரித்துக் குரக்கன் (கேழ்வரகு) விதைத்து, ஓரிரு போகம் எடுத்தபின், மண் தேறுவதற்காக அதைப் பல ஆண்டுகள் மீண்டும் காடாக வளர விட்டுவிடுவது சேனையின் முறை. அப்படி ஓய்வில் கிடந்த நிலம் வெள்ளைக்காரத் துரையின் கண்ணுக்கு ஆளில்லாக் காடாகத் தெரிந்தது. காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும், வேறாக நிரூபிக்கப்படும்வரை முடிக்குரிய காணியே என்றது சட்டம். கண்டிப் பகுதியில் சேனைக்கு உரிமை கோருபவன் அரசர் வழங்கிய காணிப் பட்டயமான சன்னஸ் போன்ற பத்திரத்தைக் காட்ட வேண்டியிருந்தது. பாட்டன் சுட்டிக்காட்டிய மரத்தையும் ஓடையையும் எல்லையாக அறிந்தவனிடம் பத்திரம் எப்படி இருக்கும்? ஏக்கர் ஐந்து ஷில்லிங் என்ற விலைக்கு அந்தக் காடுகள் விற்கப்பட்டன. வாங்கியவர்களில் அரசாங்கத்தின் உயர் அதிகாரிகளும் இருந்தார்கள் என்பதை எத்தனை முறை வாசித்தாலும் என் மனம் ஆறுவதில்லை.

தோட்டத்தில் கூலிக்கு வர மறுத்த அவனைத் துரைமார் சோம்பேறி என்றார்கள். அந்தச் சொல்லை நம்மவர்களும் இன்றுவரை திருப்பிச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். சொந்த வயல் உள்ளவன், நேற்றுவரை தன் மாடு மேய்ந்த மேட்டில் இன்னொருவனுக்குக் கூலியாக ஏன் நிற்க வேண்டும்? அது சோம்பல் இல்லை, தன்மானம் என்றே நான் கருதுகிறேன்.

1848இல் அவனுக்கு வயது 33. ஆளுநர் டொரிங்டனின் ஆட்சி துப்பாக்கிக்கு வரி, நாய்க்கு வரி, கடைக்கு வரி என்று விதித்ததோடு, ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் பாதை வேலை செய்ய வேண்டும் அல்லது மூன்று ஷில்லிங் கட்ட வேண்டும் என்றது. ஒழிந்துவிட்டதாகச் சொல்லப்பட்ட இராஜகாரியம் இன்னொரு பெயரில் திரும்பியதாகத்தான் அவன் அதை உணர்ந்திருப்பான். ஜூலை மாதம் மாத்தளையில் கிளர்ச்சி வெடித்தது. இராணுவச் சட்டம் வந்தது. ஆகஸ்டில் கிளர்ச்சித் தலைவர் புரன் அப்பு சுடப்பட்டார், பௌத்த பிக்கு குடாபொல தேரர் காவியுடையோடே சுடப்பட்டார்.

அதே ஆண்டுகளில்தான் தோட்ட வேலைக்காகத் தமிழகத்திலிருந்து வந்து மன்னாரில் கரையேறிய நம் முன்னோர், காய்ச்சலிலும் பசியிலும் வழிநெடுக ஆட்களைப் பறிகொடுத்தபடி, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்து வந்துகொண்டிருந்தார்கள். பாதையோரத்தில் நின்று அவர்களைப் பார்த்த அந்த விவசாயிக்குத் தன் காட்டை விற்றவன் கண்ணில் படவில்லை; அந்தக் காட்டில் வேலை செய்யப் போகிறவர்கள் மட்டுமே கண்ணில் பட்டார்கள். நம்மவர்களுக்கும் அவன் வெறும் ஊர்க்காரனாகத்தான் தெரிந்தான். அவன் சேனை எரித்த மேட்டில் தொழிலாளர் வரிசை வீடுகளான நம் லயங்கள் எழுந்த கதையை யாரும் இரு பக்கத்துக்கும் சேர்த்துச் சொல்லவில்லை.