வாங்கிய கணக்கும் கேட்ட கணக்கும்

சென்ற வாரம் என் மச்சினன் அழைத்தான். திருப்பூரில் கட்டி முடித்திருக்கும் புது வீட்டின் மாடி அறைக்கு ஒன்றரை லட்சம் ரூபாயில் ஒரு பாட்டுச் செட் வாங்கப்போவதாகவும், எந்த ஸ்பீக்கர், எந்த ஆம்ப்ளிஃபயர் என்று நான் சொன்னால் போதும் என்றும் சொன்னான். அறையின் நீள அகலம் என்ன என்று கேட்டேன். "அது எதுக்குங்க மாமா?" என்றான். அவனுக்குத் தொலைபேசியில் அரைகுறையாகச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன்.

நான் கோவைப் பக்கத்து விசைத்தறி ஊரான சோமனூர்க்காரன். வீட்டுக்குப் பின்னால் பன்னிரண்டு தறி ஓடும் குடோன் இருக்கிறது; எங்கள் தறி நின்றாலும் பக்கத்துக் குடோன் தறி நிற்காது. நாடா இப்பக்கமும் அப்பக்கமும் அடிபட்டு ஓடும் சத்தத்திலேயே பிறந்து, அதிலேயே பரீட்சைக்குப் படித்து, இரவில் தறி நின்றால் தூக்கம் கலைந்து எழுந்து உட்காரும் பழக்கத்தோடு வளர்ந்தவன். அப்படிப்பட்ட ஊர்க்காரனுக்கு உட்கார்ந்து பாட்டுக் கேட்பது பைத்தியமாகப் பிடித்துக்கொண்டது வேடிக்கைதான்.

எங்கள் தலைமுறை நல்ல ஸ்டீரியோவை முதன்முதலில் கேட்டது தனியார் பேருந்துகளில். பொள்ளாச்சித் தடத்திலும் கோபித் தடத்திலும் எந்த வண்டியில் செட் நன்றாக இருக்கும் என்பது கல்லூரி மாணவர்களுக்குப் பாடத்தைக் காட்டிலும் நன்றாகத் தெரியும். அந்த வண்டிக்காக, முன்னால் காலியாக வந்த அரசுப் பேருந்தை விட்டுவிட்டு வெயிலில் நின்றவர்களுள் நானும் ஒருவன். பாலிடெக்னிக் காலத்தில் நானே ஈயம் வைத்துப் பற்றவைத்த முதல் ஆம்ப்ளிஃபயர், அந்நாளில் ஊரெல்லாம் செய்த அதே 4440 ஐ.சி. போர்டுதான். டிரான்ஸ்ஃபார்மரை மோட்டார் வைண்டிங் கடை அண்ணன் சுற்றிக் கொடுத்தார்; பம்புசெட்டு மோட்டார் சுற்றத் தெரிந்தவர்களுக்குக் கோவைப் பக்கம் பஞ்சமே கிடையாது. சான்யோ தயாரித்த அந்தச் சில்லு, இரண்டு சேனலாக ஓட்டினால் சேனலுக்கு 6 வாட், இரண்டையும் பிரிட்ஜாக, அதாவது ஒரே சேனலாகக் கோத்தால் 19 வாட் தரும். அந்தக் காலத்தில்தான் கடைகளில் கையகல டப்பாக்களின் முகப்பில் '1000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.' (கண நேர உச்சத்தைப் பெருக்கிக் காட்டும் விளம்பர அளவு) என்று ஒட்டி விற்றார்கள். அட்டையில் அச்சடித்த எண்ணை நம்பக் கூடாது என்று அன்றே கற்றிருக்க வேண்டும். நான் கற்கவில்லை.

சம்பாதிக்கத் தொடங்கிய பிறகு பன்னிரண்டு ஆண்டுகளில் நான்கு ஆம்ப்ளிஃபயர்களும் ஐந்து ஜோடி ஸ்பீக்கர்களும் வீட்டுக்குள் வந்து போயின. ஒவ்வொன்றும் வந்த முதல் வாரம் அற்புதமாக இருக்கும். மூன்றாம் மாதம் அதன் குறை தெரியும். ஆறாம் மாதம் வாங்கிய விலையில் பாதிக்கு வேறொரு பைத்தியக்காரனிடம் போய்ச் சேரும். அடித்தொனி எப்போதும் ஒரே மாதிரி 'கும்' என்று வீங்கியே கேட்டது. ஒரு கடைக்காரர் அதற்குக் காரணம் ஸ்பீக்கர் ஒயர்தான் என்று சொல்லி, 3 மீட்டர் நீளமுள்ள ஒரு ஜோடியைப் பதினெட்டாயிரம் ரூபாய்க்கு என் தலையில் கட்டினார். வீட்டில் அதன் விலையைக் கேட்டபோது பதினெட்டு நூறு என்று சொன்னேன். இந்தப் பதிவை என் மனைவி படித்தால் அதுவும் இன்று தீர்ந்துபோகட்டும். மோட்டாருக்கு இழுக்கிறோமே, 2.5 ஸ்கொயர் எம்.எம். செம்புக் கம்பி, அதில் 3 மீட்டருக்குப் போகவர இருக்கும் மின்தடை ஏறத்தாழ 0.04 ஓம். எதிரே ஸ்பீக்கர் 8 ஓம். ஒயர் அதில் இருநூறில் ஒரு பங்கு. இந்த வகுத்தலை ஒன்பதாம் வகுப்புப் பையன் போட்டுவிடுவான். டிப்ளமோ வாங்கிய நான் போட்டுப் பார்க்கவில்லை.

கண் திறந்தது 2012-ல், ஊரே இருட்டில் கிடந்தபோது. ஒரு நாளில் பாதி நேரம் மின்சாரம் இல்லாத அந்த மாதங்களில் தறிக்காரர்கள் பட்ட பாட்டை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எங்கள் வீட்டிலும் கூலிக்கே தடுமாறினோம். ஆனால் ஒரு சாயங்காலம் கரண்ட் போய், வரிசையாக எல்லாக் குடோனும் நின்று, ஊர் முழுக்க ஒரு சத்தமும் இல்லாமல் போனது. பெரிய ஆம்ப்ளிஃபயர் வெறும் இரும்புப் பெட்டியாக உட்கார்ந்திருந்தது. உள்ளங்கை அகலமே இருந்த ஒரு டி-கிளாஸ் (மின்சாரம் குறைவாகத் தின்னும் வகை) ஆம்ப்ளிஃபயர் போர்டை 12 வோல்ட் பேட்டரியில் கொடுத்து, அலமாரியில் கிடந்த சிறிய ஸ்பீக்கர் இரண்டை ஸ்டூலில் வைத்து, பலமுறை கேட்டுச் சலித்த ஒரு கச்சேரிப் பதிவை ஓடவிட்டேன். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் மணிக்கட்டை இழுத்து எழுப்பும் கும்கி என்ற குழைவொலி மேலேறி அடங்குவதும், பாடகர் மூச்சு வாங்குவதும், எல்லாரும் நிறுத்திய பிறகும் தம்பூரா மட்டும் அடியில் ஓடிக்கொண்டிருப்பதும் கேட்டன. லட்ச ரூபாய் செட்டில் பல வருடம் ஓடிய அதே பதிவுதான். அதில் தம்பூரா இருப்பதே எனக்கு அன்றுவரை தெரியாது.

யோசித்தால் இதில் மாயம் ஒன்றுமில்லை. காதுக்கு ஓசை இரண்டு மடங்காகத் தோன்ற வேண்டுமானால் ஏறத்தாழ 10 டெசிபல் கூட்ட வேண்டும். அதற்கு ஆம்ப்ளிஃபயர் பத்து மடங்கு வாட் தர வேண்டும். இதையே திருப்பிப் பாருங்கள். ஜன்னல் இடுக்கை ரப்பர் வைத்து அடைத்து, கதவுக்குக் கீழே ஒரு பட்டை ஒட்டி, வெளிச்சத்தத்தில் 10 டெசிபலைக் குறைக்க முடிந்தால், சன்னமான ஒலிகள் மேலே தெரிவதில் 20 வாட் ஆம்ப்ளிஃபயர் 200 வாட் ஆனதற்குச் சமம். செலவு ஆயிரத்துக்குள் முடியும். நான் அதுவரை சன்னமான ஒலிகள் கேட்க வேண்டும் என்று குமிழைத் திருகி, உரத்த இடங்களில் ஸ்பீக்கரைக் கதற வைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்தது அறை. என் அறை 12 அடி நீளம், 10 அடி அகலம், உயரமும் 10 அடி. மேலே கான்கிரீட், கீழே டைல்ஸ், நாலு பக்கமும் பூசிய சுவர். குளியலறைக்கு உறவுக்காரன் என்றே சொல்லலாம். ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகிறது என்று வைத்துக் கணக்கிட்டால், 10 அடி இடைவெளியில் இரண்டு சுவர்களுக்கு நடுவே 56 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 56 அதிர்வு) வாக்கில் ஒலி தேங்கி நிற்கும். என் வீட்டில் அகலமும் உயரமும் ஒன்றாகிப் போனதால் பக்கச் சுவர்களும், தரையும் கூரையுமாகச் சேர்ந்து அதே 56-ஐ ஊதிக்கொண்டிருந்தன. அந்த 'கும்'மில் பெரும்பகுதி இதுதான். நான் மாற்றிய ஐந்து ஜோடி ஸ்பீக்கர்களில் ஒன்றுக்கும் அதில் பங்கில்லை.

கை தட்டினால் 'டர்ர்' என்று இழுத்த எதிரொலிக்குப் பவானி ஜமக்காளம் இரண்டு போதுமானதாக இருந்தது. ஒன்று தரையில், ஒன்று பின்சுவரில். ஆனால் ஜமக்காளம் மேல் ஒலியைத்தான் பிடிக்கும். அடித்தொனியின் அலை மீட்டர் கணக்கில் நீளம் என்பதால் அதற்கு மெல்லிய துணி ஒரு பொருட்டே இல்லை, நல்ல தடிமன் வேண்டும். அதற்காகத்தான் திருப்பூரிலிருந்து பனியன் கட்டிங் வேஸ்ட் ஒரு லோடு ஆட்டோவில் வந்திறங்கியது. கோணிச் சாக்குகளில் அதைத் தளரத் திணித்து, நான்கு மூலைகளிலும் தரையிலிருந்து கூரை வரை அடுக்கினேன். பார்க்க மண்டி மாதிரிதான் இருந்தது. "ஏனுங்க, பாட்டு ரூமா, பருத்திக் குடோனுங்களா?" என்று என் மனைவி கேட்டது நியாயமே. 'கும்' முழுக்கப் போய்விடவில்லை, பாதி அடங்கியது. மீதியில் பெரும்பகுதி, நாற்காலியை இடம் மாற்றியதும் சரியாயிற்று. அறையின் நீளத்துக்கு நட்டநடுவில் உட்கார்ந்தால் அந்த நீளத்துக்குரிய 47 ஹெர்ட்ஸ் காதுக்கு எட்டவே எட்டாது, பின்சுவரை ஒட்டி உட்கார்ந்தால் அதுவே வீங்கிக் கேட்கும். நடுவிலிருந்து ஒன்றரை அடி பின்னே தள்ளிப் போட்டதுதான் நான் செய்த மிக மலிவான மேம்பாடு.

இரண்டு ஸ்பீக்கர் வேண்டும் என்பதும் எல்லாப் பாட்டுக்கும் பொருந்தாது. எங்கள் அப்பாருக்குக் கொடுமுடி கே.பி.சுந்தராம்பாள் என்றால் உயிர். 1908-ல் பிறந்து, நாடக மேடையில் ஒலிபெருக்கியை நம்பாமல் கடைசி வரிசை வரை குரலை எட்டவைத்துப் பழகிய அம்மையாரின் 1930களின் இசைத்தட்டுப் பதிவுகளில், காதுக்கு எட்டும் மேல் எல்லை என்று இன்று நாம் பீற்றிக்கொள்ளும் 20,000 ஹெர்ட்ஸில் பாதிகூட இராது. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான், எண்ணெயில் பொரிகிற மாதிரி இரைச்சல் வேறு. எல்லாம் ஒற்றை வழிப் பதிவு (மோனோ). இரண்டு ஸ்பீக்கரில் கேட்டால், நட்டநடுவில் உட்காராதவருக்கு அந்தக் குரல் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். ஒரு ஸ்பீக்கரின் ஒயரைக் கழற்றிவிட்டு மற்றதை மட்டும் எதிரே வைத்துக் கேட்டுப் பாருங்கள்: அந்த அம்மையார் எதிரே நிற்பார்.

இசைத்தட்டா குறுந்தகடா என்ற சண்டைக்குள் நான் போவதாக இல்லை. 1982-ல் வந்த குறுந்தகடே நொடிக்கு 44,100 மாதிரிகள் எடுத்து மனிதக் காதின் எல்லையை முடித்துவிட்டது. எனக்கு எல்.பி. இசைத்தட்டு பிடிக்கும், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து திருப்பிப் போட வேண்டியிருப்பதால். அது ஒலியைப் பற்றிய பேச்சு இல்லை என்று ஒப்புக்கொள்கிறேன்.

என் கருத்தெல்லாம் இவ்வளவுதான்: கருவி மோகம் ஒரு பொழுதுபோக்கு, பாட்டுக் கேட்பது வேறொரு பொழுதுபோக்கு. இரண்டும் எனக்கு உண்டு. கோவை உக்கடத்துப் பழைய சாமான் கடையில் துருப்பிடித்த ஆம்ப்ளிஃபயரைத் திறந்து பார்ப்பதில் எனக்குக் கிடைக்கும் சுகத்தை நான் மறைக்கவில்லை. ஆனால் தறிக் கணக்கையும் தோட்டக் கணக்கையும் ஒரே நோட்டில் எழுதுகிறவன் எதில் நஷ்டம் என்று கண்டுபிடிக்க மாட்டான். கருவி ஆசையில் செய்த செலவையெல்லாம் நான் பாட்டுக் கணக்கில் எழுதிவந்தேன். பாட்டுக்காகச் செய்த செலவு என்று நேர்மையாகப் பார்த்தால் ஜன்னல் ரப்பர், இரண்டு ஜமக்காளம், ஒரு லோடு பனியன் வேஸ்ட், பிறகு ஒரு சுமாரான ஸ்பீக்கர் ஜோடி. மச்சினனுக்கு நான் கொடுத்த வரிசையும் அதுவே. ஒன்றரை லட்சத்தில் முப்பதாயிரத்தை அறைக்கு ஒதுக்கச் சொன்னேன், யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறான்.

கடையில் போய்ச் சோதித்துக் கேட்கும்போது எதைப் போட்டுப் பார்ப்பது என்றும் கேட்டான். எந்த வாத்தியத்தை நேரில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறாயோ அதைப் போடு என்றேன். கடைக்காரர் போடும் தட்டில் இருப்பது எவ்வளவு துல்லியமான பதிவாக இருந்தாலும், அந்த வாத்தியம் நேரில் எப்படி ஒலிக்கும் என்று தெரியாதவனுக்கு அதை வைத்து என்ன தீர்ப்புச் சொல்ல முடியும்? எனக்கு அது உடுக்கை. பொன்னர்-சங்கர் கதையான அண்ணன்மார் கதைப் பாட்டுக்கு விடிய விடிய உடுக்கை கேட்டு வளர்ந்தவர்கள் இந்தப் பக்கம் ஏராளம். இடுப்புக் கயிற்றை அழுத்தினால் சுருதி மேலே ஏறி, விட்டால் இறங்கும் அந்தக் குழைவைப் பாதி ஸ்பீக்கர்கள் தட்டையாக்கிவிடும்.

எங்கள் ஊர்க் கோயிலில் உடுக்கை அடித்துப் பாடும் பெரியவர் ஒருவரின் பாட்டை இரண்டு வருடத்துக்கு முன் ஒரு சிறிய ரிக்கார்டரில் பதிவு செய்திருந்தேன். போன மாதம் அவர் வீட்டுக்கு வந்தபோது, தறிக்கு விடுமுறையான ஞாயிற்றுக்கிழமை மதியம், அவரை அந்த நாற்காலியில் உட்காரவைத்து அதை ஓடவிட்டேன். மூலைச் சாக்கு மூட்டைகளை ஒருமுறை பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். தன் குரலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஐந்தாறு நிமிடம் கழித்து, கண்ணைத் திறக்காமலே, "அன்னைக்கு மழைத் தூறலுங்க தம்பி. சவ்வு ஈரம் குடிச்சுத் தொய்ஞ்சு போயிருக்குது, கேக்குதுங்களா?" என்றார்.