வெயில் வந்தால் மண்சரிவு ஆபத்து போய்விடுமா?

“மழை விட்டு வெயில் வந்தாச்சு, இனி மண் சரியாது, முகாமில் இருப்பவர்கள் லயத்துக்குத் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்குத்) திரும்பலாம்” என்றொரு குரல்பதிவு இலங்கையின் தோட்டப்பக்க வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. இது தவறு.

வானம் வெளுத்ததும் மலை காய்ந்துவிடாது. மேலே விழுந்த தண்ணீர் மெதுவாகத்தான் உள்ளே இறங்கும். மண்துகள்களுக்கு இடையே அதன் அழுத்தம் கூடும்போது பிடிப்பு தளரும். அதனால் மழை நின்று பல மணி நேரம் கழித்து, சில இடங்களில் நாட்கள் கழித்தும்கூட, சரிவு வரும்.

எச்சரிக்கை விடுவது தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம். 24 மணி நேரத்தில் மழை 75 மில்லிமீற்றர் தாண்டினால் மஞ்சள் எச்சரிக்கை, 100 தாண்டினால் செம்மஞ்சள், 150 தாண்டினால் சிவப்பு. சிவப்பு என்றால் வெளியேறு என்றுதான் அர்த்தம். பலர் இதை ‘கவனமாக இரு’ என்று படிப்பதுதான் கவலை. பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29 காலை மண்சரிவில் லயங்கள் புதைந்தன. அங்கேயும் எச்சரிக்கை முன்பே கொடுக்கப்பட்டிருந்தது.

சரி, வீட்டைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் முதலில் கதவைத் திறந்து பாருங்கள். நேற்றுவரை சாத்திய கதவு இன்று நிலையில் இறுகினால், சுவரில் புது வெடிப்பு ஓடினால், ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்கினால் அல்லது நின்றுபோனால், உள்ளே சாமான் எடுக்கக்கூட நிற்காதீர்கள். உடனே விலகி அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 தொலைபேசி எண்ணுக்குச் சொல்லுங்கள், கிராம சேவகருக்கும்தான். எச்சரிக்கை நீக்கப்பட்டதா என்பதை அவரிடமே கேட்கலாம், குரல்பதிவிடம் அல்ல.